எலி பிடிக்க எம்.எஸ்சி. எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு கோடைக்காலம் அமெரிக்காவில் மார்மட் ஆய்வில் களப்பணி உதவியாளராக இருந்ததைப் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். விலங்கியல் எம்.எஸ்சி. முடித்த என் மகள் அதே மாதிரி வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். படித்துவிட்டு மலையில் போய் எலி பிடிப்பானேன் என்று அவள் அம்மா கேட்கிறாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

பிடிப்பது உண்மைதான், அம்மாவிடம் மறைக்க வேண்டாம். ஆனால் மஞ்சள் வயிற்று மார்மட் எலியல்ல, அணில் குடும்பம். கொழுத்த பூனை அளவு இருக்கும். வருஷத்தில் ஏழெட்டு மாதம் வளைக்குள் தூங்கும். நான் இருந்தது கொலராடோவில் காதிக் என்ற ஊரில். வெள்ளிச் சுரங்கம் ஓய்ந்து ஆளொழிந்த ஊர், உயரம் சுமார் 2,900 மீட்டர். 1928 முதல் அங்கே ராக்கி மலை உயிரியல் ஆய்வகம் இயங்குகிறது. விலங்கியலாளர் கென்னத் ஆர்மிட்டேஜ் 1962-ல் அங்கு தொடங்கிய மார்மட் ஆய்வு இன்னும் நடக்கிறது.

வளை வாயில் கம்பிக் கூண்டு வைத்து, உள்ளே குதிரைத் தீவனம் போடுவோம். வைத்துவிட்டு டீ குடிக்கப் போக முடியாது. வெயில் ஏறினால் கூண்டில் இருப்பது செத்துப்போகும். மாட்டியதைக் கூம்பாகத் தைத்த துணிப்பைக்குள் இறக்க வேண்டும். இறங்கும்வரை பல்லை நறநறவென்று கடிக்கும். தலை குறுகிய முனைக்குப் போய்க் கண் இருட்டியதும் அடங்கிவிடும். அப்புறம் எடை, ஆணா பெண்ணா, காதிலுள்ள தகட்டின் எண். புழுக்கையைக்கூட விடுவதில்லை, மன அழுத்த ஹார்மோனை அதில் அளக்கலாம். தூரத்திலிருந்து அடையாளம் தெரிய முதுகில் கறுப்புச் சாயத்தில் ஒரு குறி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவோம்.

மீதி நேரமெல்லாம் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருப்பதுதான். மேய்கிறது, தலைதூக்கிப் பார்க்கிறது, மறுபடி மேய்கிறது. நரியையோ கழுகையோ கண்டால் கீச்சென்று ஒரு கத்தல். எது கத்தியது, எத்தனை தடவை என்று எழுத வேண்டும். விலங்கென்றால் உயிர் என்று வருகிறவர்கள்தான் இதில் சீக்கிரம் சலித்துப்போகிறார்கள். பாசத்தைவிடப் பொறுமைக்குத்தான் இங்கே மதிப்பு.

இப்படி எழுதிவைத்ததெல்லாம் என்ன ஆகிறது? 2000-ல் வந்த ஓர் ஆய்வு, 23 வருஷக் குறிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தது. மார்மட்கள் தூக்கம் கலைந்து வெளியே வருவது 38 நாள் முந்தியிருந்தது. 2010-ல் இன்னொன்று: மேயக் கிடைக்கும் காலம் நீண்டதால் உடம்பு பெருத்து, பிழைப்பது கூடி, எண்ணிக்கையும் ஏறியிருந்தது. ஒரே கோடையில் ஒருத்தர் இதைக் கண்டுபிடிக்க முடியாது. வருஷக்கணக்காக விடாமல் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து வந்தவை இவை.

பணத்தை நம்பிப் போகிற வேலையில்லை. சில ஆய்வுகளில் சாப்பாடும் தங்குமிடமும்தான் தருவார்கள். விமானக் கட்டணம் யாருடையது, விசாவுக்கு யார் கடிதம் தருவார்கள் என்று முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள். முனைவர் பட்டத்துக்குப் போகிற எண்ணமிருந்தால் இந்த அனுபவம் நன்றாகவே கைகொடுக்கும். இல்லையென்றால் உங்கள் வீட்டம்மா சொல்வதையும் யோசிக்கலாம்.

சரி, போவதென்று முடிவானால் 1-ஐயும் 7-ஐயும் குழப்பமில்லாமல் எழுதப் பழகட்டும். காது எண்ணில் ஒன்று தப்பினால் இரண்டு மார்மட்களின் வரலாறு ஒன்றோடொன்று கலந்துவிடும்.