கணினி கேள்வி – பதில்: முகவரி கிடைக்காத கணினி

கேள்வி: சென்ற வாரம் ஒரு மாலையில் பலத்த இடி மின்னலுடன் மழை பெய்தது. அதன் பிறகு எங்கள் வீட்டு மேசைக் கணினியில் இணையம் வரவில்லை. ரவுட்டர் கீழே இருக்கிறது, கணினி மாடியில். இடையிலுள்ள கேபிள் வெளிச்சுவர் வழியாகச் செல்கிறது. கைப்பேசிகளில் வைஃபை ஒழுங்காகக் கிடைக்கிறது. கணினியில் மட்டும் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிகிறது. பார்க்க வந்த மெக்கானிக் விண்டோஸைப் புதிதாகப் போட்டுப் பார்த்தார், பயனில்லை. மதர்போர்டை மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். செலவில்லாத சில சோதனைகள் மீதம் இருக்கின்றன.

நீங்கள் பார்த்த 169.254 ரவுட்டர் கொடுத்த முகவரி அன்று. கணினியை இயக்கியதும் அது 'எனக்கு ஒரு முகவரி வேண்டும்' என்று இணைப்பிலுள்ள எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு செய்தியை அனுப்புகிறது. ரவுட்டரிலுள்ள டிஹெச்சிபி என்னும் பகுதி ஒரு முகவரியை முன்வைக்க, கணினி அதையே கேட்டுப் பெற, ரவுட்டர் அதை உறுதி செய்கிறது. இந்த நான்கு செய்திகளில் ஒன்று வழியில் தொலைந்தாலும் முகவரி கிடைக்காது. பதிலே வராத நிலையில் விண்டோஸ் 169.254 வரிசையில் ஏதோ ஒன்றைத் தானாக வைத்துக்கொண்டு, ஏறத்தாழ 5 நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் கேட்டுப் பார்க்கும். ஆகவே அந்த எண் உங்களுக்குச் சொல்வது ஒன்றே: கணினி கேட்கிறது, பதில் வரவில்லை. பதில் எங்கே தொலைகிறது என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டியது.

விண்டோஸைப் புதிதாகப் போட்டும் நிலை மாறவில்லை என்பதால், முகவரியைக் கையால் எழுதி வைத்துவிட்டு மறந்துபோவது, வைரஸ் தடுப்பு மென்பொருள் குறுக்கே நிற்பது போன்ற வழக்கமான காரணங்களை உங்கள் விஷயத்தில் விட்டுவிடலாம். உறுதி செய்துகொள்ள விரும்பினால், கைப்பேசியை யூஎஸ்பி கேபிளால் கணினியில் இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' வசதியை இயக்குங்கள். அதன் வழியே இணையம் வந்தால் விண்டோஸில் குறையில்லை.

அடுத்து, கேபிளின் இரு முனைகளிலும், அதைச் செருகும் துளையான போர்ட்டின் சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் கேபிளோ, இரண்டு போர்ட்களில் ஒன்றோ பழுது. எரிந்தால் எல்லாம் சரி என்று கொள்ளவும் முடியாது; மின்னல் பாதித்த போர்ட்டில் விளக்கு எரிந்துகொண்டே, செய்தி மட்டும் போகாமலோ வராமலோ இருப்பதுண்டு. விண்டோஸில் ஈதர்நெட் என்னும் கேபிள் இணைப்பின் 'ஸ்டேட்டஸ்' சாளரத்தில் அனுப்பிய அளவும் பெற்ற அளவும் தெரியும். அனுப்பியது ஏறிக்கொண்டே போக, பெற்றது பூஜ்யத்தில் நின்றால் பதில் கணினிக்கு வந்து சேரவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

இனிச் சொல்வதைத்தான் மெக்கானிக் முதலில் செய்திருக்க வேண்டும். கைப்பேசியின் வைஃபை விவரத்தில் ரவுட்டரின் முகவரி இருக்கும். அது 192.168.1.1 என்று வைத்துக்கொண்டால், கணினியில் தற்காலிகமாக 192.168.1.200 என்ற முகவரியையும் அதனுடன் கேட்கப்படும் சப்நெட் மாஸ்க்காக 255.255.255.0 என்பதையும் கையால் கொடுத்துவிட்டு, கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்ட்டில் ரவுட்டரின் முகவரிக்குப் 'பிங்' செய்யுங்கள், அதாவது பதில் வருகிறதா என்று ஒரு சிறு செய்தி அனுப்பிப் பாருங்கள். பதில் வந்தால் கம்பியும் போர்ட்களும் நலம். அப்போது ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டு, கேபிளை வேறொரு போர்ட்டில் செருகிப் பாருங்கள், ஏனெனில் சில மோடம்களில் ஒரு போர்ட்டைத் தொலைக்காட்சிச் சேவைக்கென்று ஒதுக்கியிருப்பார்கள். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: 'ரிப்ளை ஃப்ரம்' என்று தொடங்கி 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று முடியும் வரி ரவுட்டரின் பதில் அன்று, அதில் இருப்பது உங்கள் கணினியின் சொந்த முகவரி. சோதனை முடிந்ததும் முகவரியைத் 'தானாகப் பெறுக' என்ற நிலைக்குத் திருப்பிவிட வேண்டும்.

பிங் தோற்றால், கணினியைக் கீழே இறக்கி ரவுட்டருக்கு அருகில் வைத்து ஒரு புதிய சிறு கேபிளால் இணையுங்கள். அங்கே முகவரி கிடைத்தால் குற்றவாளி வெளிச்சுவர்க் கேபிள்தான். என் சந்தேகமும் முதலில் அதன் மீதே விழுகிறது. கிடைக்காமல், அதே கேபிளிலும் அதே போர்ட்டிலும் வேறொரு மடிக்கணினி வேலை செய்தால் மட்டுமே உங்கள் கணினியின் லேன் போர்ட் (இந்தக் கேபிளைச் செருகும் துளை) போய்விட்டது என்று பொருள். அப்படியானாலும் மதர்போர்டை மாற்றத் தேவையில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி லேன் அடாப்டரோ, உள்ளே பொருத்தும் லேன் கார்டோ போதும்.

லேன் போர்ட்டுக்குள் 1500 வோல்ட் வரை தாங்கும்படி சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். அருகில் மின்னல் விழும்போது நீண்ட கம்பியில் அதைவிட அதிகம் தூண்டப்படலாம். சித்திரை, வைகாசி மாலை இடியும் ஐப்பசி, கார்த்திகை மழையும் பெறும் நம் மாவட்டத்தில், மின்சாரப் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு லேன் கேபிளை அப்படியே விடுவது பாதிப் பாதுகாப்பே. இடி தொடங்குமுன் இரண்டையும் கழற்றுங்கள். புதிய கேபிளை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோக முடிந்தால் மிகவும் நல்லது.

கேள்வி: மாடியில் வைஃபை எட்டவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றையும் கேபிளால் இணைத்தோம். அன்றிலிருந்து கணினியில் சில நாள் இணையம் வருகிறது, சில நாள் வருவதில்லை. சில வேளை பிரிண்டரும் தென்படவில்லை.
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: இரண்டு ரவுட்டர்களும் போட்டி போட்டு முகவரி கொடுக்கின்றன. முந்திக்கொண்டு பதில் சொல்வது எதுவோ, அதன் முகவரியைக் கணினி வாங்கிக்கொள்கிறது. பழைய ரவுட்டரின் முகவரி வாய்த்த நாளில் கணினி இணையத்துக்கான வழியைத் தவறான இடத்தில் தேடும். முதலில் பழைய ரவுட்டரின் சொந்த முகவரியைப் புதியதிலிருந்து வேறுபட்டதாக, உதாரணமாக 192.168.1.2 என்று மாற்றி, பிறகு அதில் டிஹெச்சிபியை அணைத்துவிடுங்கள். கேபிள் அதன் வெளி இணையத்துக்கான 'வேன்' (WAN) துளையில் அல்லாமல், வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) துளைகளில் ஒன்றில் செருகப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி: வீட்டில் விருந்தினர் நிறையப் பேர் கூடும்போது மட்டும் மடிக்கணினிக்கு முகவரி கிடைப்பதில்லை. ஏன்?
– வாசகர், குளச்சல்

பதில்: ரவுட்டர் கொடுக்கும் முகவரிகளுக்கு ஓர் எல்லை குறிக்கப்பட்டிருக்கும். அது 10 அல்லது 20 என்று சுருக்கமாக இருந்தால், விருந்தினரின் கைப்பேசிகளே அனைத்தையும் எடுத்துக்கொள்ளும். அவர்கள் வீடு திரும்பிய பின்னும், ஒவ்வொரு முகவரியும் ஒரு கருவிக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும் குத்தகைக் காலம் முடியும் வரை அவை பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் எல்லையை, முகவரியின் கடைசி எண் 100 முதல் 200 வரை என்பதுபோல் அகலமாக்கி, குத்தகையை இரண்டு மணி நேரமாகக் குறைத்து வையுங்கள்.