ஆப்பிள் பறிக்கப் போகும் குடும்பத்துக்கு: முதலில் ரகம், பிறகு தேதி

கேள்வி: பார்வையாளர்களே பழம் பறித்துக்கொள்ள அனுமதிக்கும் ஆப்பிள் தோட்டம் ஒன்றுக்குச் சென்ற ஆண்டு இலையுதிர்காலத்தில் குடும்பத்துடன் போயிருந்தோம். நன்றாகச் சிவந்த பழங்களாகப் பார்த்துத்தான் பறித்தோம். ஆனாலும் பாதிக்கு மேல் புளித்தன. வீட்டுக்குக் கொண்டுவந்த 15 கிலோவில் பெரும்பகுதி மூன்று வாரத்துக்குள் தோல் சுருங்கி, உள்ளே மாவு மாவாகிவிட்டது. இந்த ஆண்டும் போக விரும்புகிறோம். 3 வயதுக் குழந்தையும், முழங்கால் வலியுள்ள என் மாமியாரும் உடன் வருவார்கள். எப்போது போவது, எதைப் பறிப்பது, எப்படிப் பாதுகாப்பது?

பதில்: சிவப்பை நம்பியதுதான் சென்ற ஆண்டு நேர்ந்த பிழை. ஆப்பிளின் தோலில் சிவப்பு ஏறுவதற்கு வெயிலும் குளிர்ந்த இரவுகளும் காரணம். பழத்தின் உள்ளே இனிப்பு ஏறியதற்கு அது சான்றாகாது. காலா, ரெட் டெலிசியஸ் போன்ற ரகங்களில், கடைகளில் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே கடுஞ்சிவப்பு வகைகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியிருக்கிறார்கள். அவை முதிர்வதற்குச் சில வாரங்கள் முன்பே முழுக்கச் சிவந்து நிற்கும். எனவே நீங்கள் பார்க்க வேண்டியது சிவப்புக்குப் பின்னால் இருக்கும் அடிநிறத்தை. காம்பைச் சுற்றியுள்ள குழியிலும், வெயில் படாத பக்கத்திலும் அது தெளிவாகத் தெரியும். அங்கே புல்லின் பச்சை இருந்தால் பழம் இன்னும் தயாராகவில்லை. பச்சை வெளிறி இளமஞ்சள் அல்லது பாலேட்டு நிறத்துக்கு மாறியிருந்தால் பறிக்கலாம். கிரானி ஸ்மித் போன்ற பச்சை ரகங்களுக்கு மட்டும் இந்த அடையாளம் அவ்வளவாக உதவாது.

தோட்டத்துக்குள் நுழைந்ததும், ஒரு மரத்திலிருந்து ஒரே ஒரு பழத்தைப் பறித்துக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். விதைகள் முழுக்கப் பழுப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாகவோ பாதி வெளிறியோ இருந்தால் அந்த வரிசையை விட்டு நகர்ந்துவிடலாம். முதிராத ஆப்பிளில் மாவுச்சத்து மிகுந்திருக்கும். முதிர முதிர அது சர்க்கரையாக மாறும். இதை அளக்கத் தோட்டக்காரர்கள் வெட்டிய பழத்தின் மீது அயோடின் கரைசலைத் தடவுவார்கள். மாவுச்சத்து உள்ள இடம் கருநீலமாகும். முதிர்ச்சி கூடக்கூட நடுவிலிருந்து வெளிப்புறமாக அந்தக் கறை குறைந்துகொண்டே வரும். உங்களுக்கு அயோடின் தேவையில்லை. கடித்ததும் நாக்கில் மாவு படிந்தாற்போலத் துவர்ப்புத் தட்டினால் அதே செய்திதான்.

இனி, எப்போது போவது என்ற கேள்வி. வசதியான விடுமுறை நாள் ஒன்றைக் குறித்துக்கொண்டு, அன்று தோட்டத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பறித்து வருவதுதான் பலரின் வழக்கம். நான் சொல்வது இதற்கு நேர்மாறானது: முதலில் எந்த ரகம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள், போகும் நாளை அந்த ரகம் தீர்மானிக்கட்டும். வட அரைக்கோளத்தின் குளிர்ப் பகுதிகளில் பொதுவாகக் காலா ஆகஸ்ட் இறுதியிலிருந்து செப்டம்பர் நடு வரையிலும், மக்கின்டாஷ், ஹனிகிரிஸ்ப் ஆகியவை செப்டம்பரிலும், கோல்டன் டெலிசியஸ் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும், ஃபூஜியும் கிரானி ஸ்மித்தும் அக்டோபரிலும் முதிர்கின்றன. பிங்க் லேடி அக்டோபர் இறுதிக்கும் நவம்பருக்கும் தள்ளிப்போகும். தென் அரைக்கோளத்தில் வசிப்பவர்கள் இவற்றோடு ஆறு மாதத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஒரே தோட்டத்தில்கூட வசந்தம் முந்தினாலோ பிந்தினாலோ இந்தத் தேதிகள் ஓரிரு வாரம் நகரும் என்பதால், புறப்படுவதற்கு முன் தோட்டத்தைத் தொலைபேசியில் அழைத்து, "தோட்டம் திறந்திருக்கிறதா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இந்த வாரம் எந்த ரகம் பறிக்கும் பதத்தில் இருக்கிறது?" என்று கேளுங்கள். அழைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆப்பிள் முழுமையாகப் பூத்திருக்கும் வசந்த நாளில் வெப்பநிலை மைனஸ் 4 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினால் பூக்களில் பெரும்பாலானவை கருகிவிடும். அப்படிப்பட்ட ஆண்டில், இலையுதிர்காலத்தில் மரம் பார்க்கப் பசுமையாக இருந்தாலும் பறிக்கப் பழம் இருக்காது.

ரகத்தை முதலில் வைக்கச் சொல்வதற்கு முக்கியமான காரணம், சென்ற ஆண்டு நீங்கள் சந்தித்த இரண்டாவது சிக்கலும் அதில்தான் தொடங்குகிறது. பருவத்தின் முதலில் முதிரும் ரகங்கள் பொதுவாக விரைவில் தொய்யும். பிற்பகுதியில் முதிர்பவை நீண்ட நாள் தாங்கும். மக்கின்டாஷ் மணமும் சாறும் நிறைந்தது, சமைத்தால் குழைந்து அருமையாக வரும், ஆனால் அறை வெப்பத்தில் சில நாட்களிலேயே மென்மையாகிவிடும். ஃபூஜியும் கிரானி ஸ்மித்தும் சரியான குளிரில் மாதக்கணக்கில் உறுதி குலையாமல் இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறைதான் போக முடியும், வீட்டில் வைத்தும் சாப்பிட வேண்டும் என்றால், நான் கோல்டன் டெலிசியஸ் முடிந்து ஃபூஜி தொடங்கும் வாரத்தைத் தேர்ந்தெடுப்பேன். குளிர்காலம் சீக்கிரமே வந்துவிடும் இடங்களில் ஃபூஜிக்கு முதிரப் போதிய நாள் கிடைக்காது. அங்கே தோட்டக்காரர்களிடம் அதிக நாள் தாங்கும் ரகம் எது என்று கேட்டு, அதற்கேற்ப நாளைக் குறிப்பது நல்லது.

பறிக்கும் முறையை ஒரு நிமிடம் பொறுமையாகக் கற்றுக்கொண்டால் தோட்டத்துக்கும் நன்மை, உங்கள் பழங்களுக்கும் நன்மை. முதிர்ந்த ஆப்பிளில், காம்பு கிளையோடு சேரும் இடத்தில் பிரிவதற்கென்றே ஒரு மெல்லிய திசு உருவாகியிருக்கும். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கித் தூக்கி, சற்றே திருகினால் காம்போடு சேர்ந்து கையில் வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் அது முதிரவில்லை என்று பொருள், இழுக்காதீர்கள். கீழ்நோக்கி இழுக்கும்போது காம்பைத் தாங்கியிருக்கும் குட்டையான, கணுக்கணுவான சிறு குச்சியும் சேர்ந்து ஒடிந்துவிடும். அடுத்த ஆண்டுப் பூமொட்டுகள் இந்தக் கோடையிலேயே அந்தக் குச்சிகளில் உருவாகிவிட்டன என்பதால், அது ஒடிந்தால் அடுத்த ஆண்டின் காய்ப்பும் குறையும். இரண்டு பழங்கள் ஒன்றாக ஒட்டியிருந்தால், ஒன்றைத் திருகும்போது மற்றதை இன்னொரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். காம்பு பிய்ந்து போன பழத்தில் அந்தக் காயத்தின் வழியே அழுகல் தொற்றும். ஆகவே அதை முதலில் சாப்பிட்டு முடியுங்கள். ஹனிகிரிஸ்பின் தோல் மிக மெல்லியது. ஒரு பழத்தின் காம்பு இன்னொன்றைக் குத்திவிடும் என்று வணிகத் தோட்டங்களில் அந்த ரகத்தின் காம்பை மட்டும் கத்தரித்தே கூடையில் வைப்பது வழக்கம். எந்த ரகமானாலும் பழத்தைக் கூடைக்குள் போடக் கூடாது, வைக்க வேண்டும். முட்டையைக் கையாள்வது போல என்று குழந்தையிடம் சொன்னால் அதற்கு உடனே புரியும்.

ஒரே மரத்தில் எல்லாப் பழமும் ஒன்றாக முதிர்வதில்லை. வெயில் நன்றாகப் படும் வெளிப்புறமும் மேற்புறமும் முந்தும். நிழலில் ஒளிந்திருக்கும் உட்பகுதி பிந்தும். குழந்தையின் கைக்கு எட்டும் கீழ்க்கிளைகளின் பழங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. மேலிருந்து நீங்கள் பறித்துக் கொடுத்து, அது கூடையில் அடுக்கட்டும். இரண்டு மூன்று பழங்களை மட்டும், நீங்கள் அடிநிறம் பார்த்துச் சொன்ன பிறகு, அதுவே திருகிப் பறிக்கட்டும்.

இன்றைய தோட்டங்களில் பெரும்பாலும் குட்டை மரங்கள்தான் இருக்கின்றன. இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்-9 போன்ற, மரத்தைக் குட்டையாக வைத்திருக்கும் வேர்ச்செடிகளின் (வேரையும் அடித்தண்டையும் தரும் செடிகள்) மீது ஒட்டுக்கட்டப்பட்டவை இவை. பலவும் இரண்டரை, மூன்று மீட்டருக்கு மேல் வளர்வதில்லை. உங்கள் மாமியாருக்கு இது நல்ல செய்தி: ஏணியோ, எட்டிப் பறிப்பதோ தேவையில்லை, நின்ற இடத்திலிருந்தே பறிக்கலாம். ஆனால் இவற்றின் வேர் ஆழமற்றது, எளிதில் ஒடியக்கூடியது; கம்பமும் கம்பியும்தான் மரத்தைத் தாங்கி நிற்கின்றன. ஆகவே குழந்தையைக் கிளையில் உட்காரவைத்துப் படம் எடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். முழங்கால் வலிக்கு உண்மையான சோதனை வரிசைகளுக்கு இடையே உள்ள நிலம்: புல்லுக்கு அடியில் டிராக்டர் சக்கரத் தடங்கள் பள்ளமாக இருக்கும், காலைப் பனியில் புல் வழுக்கும், விழுந்து கிடக்கும் பழங்களில் கால் புரளும். பனி காய்ந்த பிறகு, கூட்டம் சேர்வதற்கு முன், நடுக்காலை நேரத்தில் போய்ச் சேருங்கள். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மடக்கு நாற்காலி ஒன்றைக் கையோடு கொண்டுபோவது, வண்டியில் ஏற்றிச் செல்கிறோம் என்று தோட்டம் தரும் வாக்குறுதியைவிடப் பயனுள்ளது. அந்த வண்டிகளின் படி பெரும்பாலும் உயரமாகவே இருக்கும்.

குழந்தை விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. கீழே விழுந்த பழத்தைச் சாப்பிட விடாதீர்கள். தோட்டத்தில் மேயும் கால்நடைகள், மான்கள் ஆகியவற்றின் எச்சத்திலிருந்து ஈ. கோலை கிருமி அவற்றில் ஒட்டியிருக்கலாம். அடிபட்டு அழுகிய இடங்களில் வளரும் பூஞ்சை பட்டுலின் என்ற நச்சையும் உண்டாக்கும். தோட்டங்களில் விற்கப்படும் புதுச்சாறும் இதே காரணத்தால் கவனத்துக்குரியது. 1996-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும், சூடாக்கிக் கிருமி நீக்காத ஆப்பிள் சாற்றைக் குடித்தவர்களிடையே ஈ. கோலை ஓ157 தொற்று பரவி, ஒரு குழந்தை இறந்தது. அதன் பின் 1998-ல் அத்தகைய சாற்றுப் புட்டிகளில் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும் என்று அமெரிக்காவில் விதி வந்தது. சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முதியவர்களும் கிருமி நீக்கிய சாற்றையே குடிக்க வேண்டும். புட்டியில் அது பற்றிய குறிப்பு இல்லையென்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வேகவைக்காத ஆப்பிள் துண்டு தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு என்பதால், முழுப் பழத்தைக் கடிக்கக் கொடுத்துவிட்டு ஓடவிடாதீர்கள்; மெல்லிய சீவல்களாக்கி, உட்காரவைத்துக் கொடுங்கள். அழுகிய பழங்களைத் தேடி இலையுதிர்காலத்தில் குளவிகள் மொய்க்கும். மூடிய காலணியும், மூடியுள்ள தண்ணீர்ப் புட்டியும் அவசியம். வீட்டில் யாருக்காவது பிர்ச் மரத்தின் மகரந்தம் ஒவ்வாது என்றால், வேகவைக்காத ஆப்பிளைக் கடித்ததும் வாயும் உதடும் அரிக்கலாம். இரண்டின் புரதங்களும் ஒன்றை ஒன்று ஒத்தவை என்பதே காரணம். வேகவைத்த ஆப்பிள் இவர்களில் பலருக்குத் தொல்லை தருவதில்லை. ஆனால் அரிப்போடு மூச்சுத்திணறலும் சேர்ந்தால் உடனே மருத்துவ உதவி தேவை.

சாப்பிட்ட பழத்தின் விதையை நட்டு அதே ஆப்பிளை வளர்க்கலாமா என்று குழந்தைகள் கட்டாயம் கேட்பார்கள். நடட்டும், ஆனால் அதே பழம் வராது. ஒவ்வொரு விதையும் ஒரு புதிய ரகம். கிரானி ஸ்மித் அப்படித்தான், 1868 வாக்கில் ஆஸ்திரேலியாவில் தற்செயலாக முளைத்த ஒரு கன்றிலிருந்து கிடைத்தது.

இனிப் பாதுகாப்பு. ஆப்பிள் பறித்த பிறகும் மூச்சு விடுகிறது. எத்திலீன் என்ற வாயுவை வெளியிட்டுத் தன்னையும் அருகிலுள்ள பழங்களையும் மேலும் பழுக்கவைக்கிறது. இந்த வேகத்தைத் தடுக்கும் ஒரே எளிய கருவி குளிர். 0 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரை அதற்கு உகந்தது. அறை வெப்பத்தில் அது பல மடங்கு வேகமாகத் தொய்யும். சென்ற ஆண்டு உங்கள் பழங்களைக் கூடையில் அழகாக அடுக்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தீர்கள் என்றால், அவை மூன்று வாரத்தில் மாவு மாவானதற்கு ரகத்தோடு அதுவும் ஒரு காரணம். திரும்பும் வழியில் காரின் பின்பெட்டியில் வெயிலில் மணிக்கணக்காக வைத்திருப்பதும் அதே கேட்டைத்தான் செய்கிறது. வீட்டுக்கு வந்ததும் கழுவாமல், தோலின் இயற்கை மெழுகைத் துடைக்காமல், அடிபட்டவற்றைத் தனியே பிரித்துவிட்டு, மீதியைச் சிறு துளைகள் உள்ள பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் வையுங்கள். குளிரோடு ஈரப்பதமும் வேண்டும். பை இல்லாமல் வைத்தால் தோல் சுருங்குவது அதனால்தான். சாப்பிடும் நேரத்தில் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் போதும். கேரட்டோடு சேர்த்து வைக்காதீர்கள், எத்திலீன் பட்டால் கேரட் கசக்கும், கீரை மஞ்சளாகிவிடும். வாரம் ஒரு முறை பையைத் திறந்து, கறுத்ததையும் கசிந்ததையும் எடுத்துவிடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, நடுத்தர ஆப்பிள் ஒன்று 150 முதல் 180 கிராம் வரை இருக்கும் என்று கொண்டால், 15 கிலோ என்பது ஏறத்தாழ 90 பழங்கள். நான்கு பேர் நாளுக்கு ஒன்று என்று சாப்பிட்டாலும் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். உங்கள் குளிர்சாதனப் பெட்டியில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இந்த முறை 8 கிலோவோடு நிறுத்திக்கொள்ளலாம்: 6 கிலோ நீண்ட நாள் தாங்கும் ரகம், 2 கிலோ உடனே சாப்பிடவும் சமைக்கவும் ஏற்ற மென்மையான ரகம். இரண்டையும் தனித்தனிப் பைகளில் பறித்து, பையின் மீது ரகத்தின் பெயரை எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் தோலைப் பார்த்து அடையாளம் காண்பது தேர்ந்தவர்களுக்கே கடினம்.