புதுக் கிளிக்கு முதலில் வேண்டியது தனிமை

கேள்வி: ஆறு வயதுக் காக்கட்டீல் கிளி ஒன்றைத் தத்தெடுத்துப் பத்து நாள் ஆகிறது. முன்பு வளர்த்தவர்களால் தொடர்ந்து பார்த்துக்கொள்ள முடியவில்லை. பழைய கூண்டு துருப்பிடித்துக் கிடந்ததால் புதுக் கூண்டு வாங்கினோம். வெறும் விதை மட்டும் தின்று பழகியிருந்ததை நிறுத்திவிட்டு, நல்ல பெல்லட் உணவு (தானியங்களை அரைத்துச் சத்துகள் சேர்த்துச் செய்த சிறு உருண்டைத் தீனி) வைத்தோம். ஆனால் கையை உள்ளே விட்டாலே சீறுகிறது, கடிக்கிறது. நாங்கள் பார்க்கும்போது சாப்பிடுவதே இல்லை. ஒருநாள் நள்ளிரவில் கூண்டுக்குள் படபடவென்று அடித்துக்கொண்டது. துண்டால் பிடித்து வெளியே எடுத்துத் தடவிக் கொடுத்தால் பழகிவிடும் என்கிறார் என் கணவர். எட்டு வயது மகளோ கூண்டை விட்டு நகர்வதில்லை. துணைக்கு இன்னொரு கிளி வாங்கிவிடலாமா?

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். கடிப்பதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம். சாப்பிடுகிறதா இல்லையா என்பதுதான் இப்போது முக்கியம். ஆறு வருடம் விதை தின்றே வளர்ந்த பறவைக்குப் பெல்லட் ஒரு தீனியாகவே தெரியாமல் போகலாம். நிறைந்த கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே பட்டினி கிடக்கும். பழைய விதைக் கலவையை இன்றே திரும்ப வையுங்கள். பெல்லட் நல்லதுதான். ஆனால் கிளி வீட்டோடு ஒட்டிய பிறகு, விதையோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, சில வாரங்களில் செய்ய வேண்டிய மாற்றம் அது. கூண்டை மாற்றியது மட்டும் சரி. துருவேறிய கம்பியில் துத்தநாகம், ஈயம் போன்றவை இருக்கலாம். கம்பியைக் கொறிக்கும் பறவைக்கு அது விஷம்.

விதை வைத்த பிறகும் கிண்ணத்தை நம்பாதீர்கள். கிளி விதையை உரித்துத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே போட்டுவிடும். மேலாகப் பார்த்தால் நிறைந்திருப்பது போலவே இருக்கும். தினமும் ஊதிப் பாருங்கள். கூண்டின் அடியில் வெள்ளைத்தாள் விரித்து எச்சத்தையும் கவனியுங்கள். எச்சம் மிகவும் குறைந்து, கரும்பச்சையாக மட்டும் இருந்தால் தீனி உள்ளே போகவில்லை என்று பொருள். அதோடு உடலை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தாலோ, மூச்சு விடும்போதெல்லாம் வால் ஏறி இறங்கினாலோ உடனே பறவை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பறவைகள் நோயை வெளியே காட்டாமல் மறைக்கும். நம் கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். நன்றாக இருந்தாலும் சீக்கிரமே ஒரு பரிசோதனை செய்துவிடுவது நல்லது. கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சலும் உண்டு. கூண்டைத் தொட்ட பிறகு மகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

இனி, கை. உங்கள் கிளியின் பக்கம் நின்று பாருங்கள். அது வேட்டையாடப்படும் இனம். தெரியாத வீடு, தெரியாத குரல்கள். தனக்கென்று இருக்கும் ஒரே இடத்துக்குள் ஐந்து விரல் நுழைகிறது. சீறுவது அதன் நாகரிகம் என்றே சொல்வேன், கடிப்பதற்கு முன் எச்சரிக்கிறதே! கொண்டையைப் பார்த்தாலே மனநிலை தெரிந்துவிடும். செங்குத்தாக நின்றால் திடுக்கிட்டிருக்கிறது. தலையோடு ஒட்டப் படுத்துச் சீறினால் 'விலகிப் போ' என்கிறது. லேசாகப் பின்னால் சாய்ந்திருந்தால் நிம்மதி. தூங்கும் முன் அலகை மெல்ல அரைக்கும் சத்தம் கேட்டால் சந்தோஷப்படுங்கள்.

அதனால் தண்ணீர், தீனி மாற்றுவதைத் தவிர வேறு எதற்கும் இப்போதைக்குக் கையை உள்ளே விட வேண்டாம். உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: துண்டால் பிடிப்பது மருத்துவத் தேவைக்கு மட்டும். பழகுவதற்காகப் பிடித்தால், மனிதக் கை என்றாலே பிடிக்க வருவது என்றுதான் கிளி கற்றுக்கொள்ளும். பயந்து போய் அசையாமல் இருப்பதைப் பார்த்து நாம் பழகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். அதற்குப் பதிலாகத் தினைக்கதிர் ஒன்றைக் கம்பி வழியாக நீட்டிவிட்டுச் சும்மா இருங்கள். வாங்காவிட்டால் செருகி வைத்துவிட்டுப் போய்விடுங்கள். கையிலிருந்தே வாங்கித் தின்னும் நாள் வரும். அதன் பிறகு கதவைத் திறந்து வைத்து, தானாக வெளியே வருகிறதா என்று பார்க்கலாம். அதற்குமுன் ஜன்னலை மூடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். எத்தனை நாளாகும் என்று கேட்காதீர்கள். சில கிளிகளுக்கு இரண்டு வாரம், சிலவற்றுக்குப் பல மாதம்.

மகளை விரட்டவும் வேண்டாம். கூண்டைத் தட்டாமல், நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல், சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் மூவரில் அவள்தான் முதலில் ஜெயிப்பாள் என்பது என் ஊகம். நீங்கள் சாப்பிடும் நேரத்தில் கிளியின் கண்ணில் படும்படி உட்காருங்கள். கூட்டமாகத் தின்னும் பறவை, மற்றவர் தின்பதைப் பார்த்தால் தானும் கிண்ணத்துக்கு வரும். உங்கள் தட்டிலிருந்து மட்டும் கொடுக்காதீர்கள். அவகாடோ, சாக்லேட், காபி எல்லாம் அதற்கு ஆபத்து.

கூண்டை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி, நம் மார்பு உயரத்தில் இருக்கட்டும். சமையலறையும் அதன் அருகும் கூடவே கூடாது. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை, நாம் உணரும் முன்பே கிளியைக் கொன்றுவிடும்.

நள்ளிரவில் படபடத்தது காக்கட்டீல்களுக்கு வழக்கமான இரவுப் பயம்தான். இருட்டில் சிறு சத்தமோ நிழலோ போதும், மிரண்டு கம்பியில் மோதிக்கொள்ளும். மங்கலான இரவு விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். தினமும் 10 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். கூண்டு ஹாலில் இருந்தால் இரவு டிவியைச் சீக்கிரம் அணைத்துவிடுங்கள்.

இன்னொரு கிளி? இப்போது வேண்டவே வேண்டாம். மிரண்டிருக்கும் ஒன்றுக்குத் துணையாக மிரண்டிருக்கும் இன்னொன்று வரும், அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்தும் ஆசை இருந்தால் வாங்குங்கள். அப்போதும் புதியதைக் குறைந்தது 30 நாள் வேறு அறையில் வைத்து, மருத்துவரிடம் காட்டிய பிறகே இதன் பக்கத்தில் கொண்டுவர வேண்டும்.