கடைசி வரிசை என்று யார் சொன்னது?

கேள்வி: சென்ற இதழில் கணினிவழிக் கல்வியின் முன்னோடிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எல்லோரும் அமெரிக்காக்காரர்கள். ஊர் கூடிக் கற்பதும் அதற்கான கருவியும் அங்கே பிறந்து, நம் நகரங்களுக்கு வந்து, மிச்சம் மீதி இருந்தால்தான் கடைசி வரிசையில் நிற்கும் எங்கள் எஸ்டேட் லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்புக்கு) எட்டும். கேரளத்துத் தமிழனுக்கு இந்த வரலாற்றால் என்ன லாபம்?
— ஒரு வாசகர், வண்டிப்பெரியாறு

பதில்: லாபம் உண்டு. ஆனால் கருவி வந்த பிறகுதான் கூடிக் கற்பது வந்தது என்று நீங்கள் நம்புகிறீர்கள். அந்த நம்பிக்கையை முதலில் விடுங்கள்.

உங்கள் பீருமேடு தாலுகா திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலம். 1945-ல் பி. என். பணிக்கர் என்ற பள்ளி ஆசிரியர் 47 நூலகங்களின் ஆட்களை அம்பலப்புழையில் ஒன்றுகூட்டினார். திருவிதாங்கூர் கிரந்தசாலை (நூலக) சங்கம் அப்படித்தான் பிறந்தது. அதற்கு முன்பும் ஊர்களில் வாசகசாலைகள் இருந்தன. ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தனித்தனியே கிடந்தன. அவற்றை இணைத்ததுதான் பணிக்கர் செய்த பெரிய காரியம். ஊர்க்காரர்களே உறுப்பினர்கள், ஊர்க்காரர்களே நிர்வாகக் குழு. படிக்கத் தெரிந்தவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார், தெரியாதவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எதிர்க்கேள்வி போடுவார். 1975-ல் இந்தச் சங்கத்துக்கு எழுத்தறிவுப் பணிக்கான யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா விருது கிடைத்தது. வலையமைப்பு என்று இன்று நாம் சொல்வதைக் கம்பியும் கணினியும் இல்லாமல் கட்டியவர் அவர். முன்னோடிகள் வரிசையில் அவரை முதலில் வைப்பேன்.

அமெரிக்க முன்னோடிகளில் நான் மதிப்பவர்களும் இதே குணம் உள்ளவர்கள்தான். இலினாய் பல்கலைக்கழகத்தில் 1960-ல் டொனால்ட் பிட்ஸர் தொடங்கிய பிளேட்டோ, பாடம் சொல்லிக்கொடுக்கும் கணினி. அது கேட்கும், மாணவர் பதில் தருவார், அவ்வளவுதான். 1973-ல் டேவிட் வூலி என்ற பதினேழு வயதுப் பையன் அதில் ‘நோட்ஸ்’ என்றொரு பகுதியை எழுதிச் சேர்த்தான். கணினியில் ஏற்படும் கோளாறுகளைப் பதிந்து வைக்கத்தான் அதைச் செய்தார்கள். பயன்படுத்தியவர்களோ அதிலேயே ஒருவரையொருவர் சந்தேகம் கேட்டார்கள், விளக்கம் சொன்னார்கள், சண்டையும் போட்டார்கள்.

அதே 1973-ல் பெர்க்லி நகரில், மாணவர்கள் நடத்திய ஓர் இசைத்தட்டுக் கடையில், லீ ஃபெல்சன்ஸ்டைனும் நண்பர்களும் தொலைவில் இருந்த கணினியோடு இணைந்த தட்டச்சுக் கருவியான ஒரு டெலிடைப் இயந்திரத்தை வைத்தார்கள். அதன் இரைச்சல் தாங்காமல் ஓர் அட்டைப்பெட்டிக்குள் மூடி, கைகளை உள்ளே விடத் துளைகள் போட்டிருந்தார்கள். வருகிறவர் எவரும் அதில் தன் செய்தியைத் தட்டச்சு செய்யலாம், மற்றவர் எழுதியதைத் தேடிப் படிக்கலாம். ‘கம்யூனிட்டி மெமரி’ என்று அதற்குப் பெயர். நல்ல பேகல் ரொட்டி எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு பேர் கடைகளைச் சொன்னார்கள். மூன்றாவது பதிலில் ஒரு தொலைபேசி எண் இருந்தது: முன்பு பேகல் சுட்டு விற்ற ஒருவர், வந்தால் செய்யவே கற்றுத்தருகிறேன் என்றார். கடை விலாசம் கேட்டவருக்கு ஓர் ஆசிரியரே கிடைத்துவிட்டார்.

இந்தியா அப்போது சும்மா இருக்கவில்லை. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி போயிற்று. விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாய் கண்ட கனவை இயற்பியலாளர் யஷ்பாலும் அவரோடு உழைத்த பொறியாளர்களும் நடத்திக் காட்டினார்கள்; கோழிக்கூட்டுக் கம்பிவலையில் ஆன்டெனா செய்தார்கள். அந்த உழைப்பை வணங்குகிறேன். ஆனாலும் அது ஒருவழிப் பாதை. பார்த்தவருக்குத் திருப்பிக் கேட்க வழியில்லை. மொழியும் இந்தி, கன்னடம், ஒடியா, தெலுங்கு ஆகிய நான்குதான்.

இன்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு விற்கும் கல்விச் செயலிகளில் பெரும்பாலானவை இந்த ஒருவழிப் பாதையிலேயே நிற்கின்றன. 2020-ல் கேரள அரசு தன் விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சியில் வகுப்பு நடத்தியபோது தமிழ்வழிப் பிள்ளைகளுக்கும் பாடம் தயாரித்தார்கள், நல்ல காரியம். ஆனால் வகுப்பு முடிந்த பிறகு எழும் சந்தேகத்தை, லயத்தில் இருக்கும் ஒரு குழந்தை தமிழில் யாரிடம் கேட்கும்? அதற்கு ஆள் வேண்டும். அந்த ஆளை எந்தக் கம்பெனியும் அனுப்பி வைக்காது.

உங்கள் இடுக்கி மாவட்டத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. காட்டுக்குள் நடந்துபோக வேண்டியிருந்த இடமலக்குடியில், முதுவான் பழங்குடி மக்களுக்காகத் தேநீர்க்கடை வைத்திருந்த ஒரு முதியவர் அந்தக் கடையிலேயே நூலகமும் நடத்தியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். இரண்டு சணல் சாக்குகளில் 160 புத்தகங்கள், யார் எதை எடுத்துப்போனார் என்று எழுதிவைத்த ஒரு நோட்டு. புத்தகங்களில் ஒன்று சிலப்பதிகாரத்தின் மலையாள ஆக்கம். கடைசி வரிசை என்று நீங்கள் சொல்வதைவிட வெகுதூரம் பின்னால் இருந்த இடம் அது. அவர் யாருடைய மிச்சத்துக்கும் காத்திருக்கவில்லை.

எனவே உங்களிடம் நான் கேட்பது இது. பக்கத்தில் கேரள மாநில நூலக கவுன்சிலில் இணைந்த வாசகசாலை எது என்று விசாரியுங்கள். லயத்திலிருந்து நாலைந்து பேராகப் போய் உறுப்பினராகுங்கள். பொதுக்குழுவில் எழுந்து, மானியத்தில் வாங்கும் புத்தகங்களில் தமிழ் எத்தனை என்று கேளுங்கள். சாயங்காலம் தமிழ்வழிப் பிள்ளைகள் உட்கார ஓர் அறையும், இணைய வசதியுள்ள ஒரு கணினியும் கேளுங்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் அக்காமார் லயத்தில் இருப்பார்கள். கணக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களைக் கூப்பிடுங்கள். நிர்வாகக் குழு என்ன பதில் சொன்னது என்று எங்களுக்கு எழுதுங்கள். இதே பக்கத்தில் முழுதாக வெளியிடுகிறோம்.