வெளியே சாதாரணமாகத் தெரியும் ஜப்பானிய மேலங்கியின் உள்ளே ஏன் இவ்வளவு வேலைப்பாடு?

ஹவோரி என்ற மேலங்கியைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆண்களின் பழைய ஹவோரி வெளியே பெரும்பாலும் கறுப்பு அல்லது சாம்பல் போன்ற அடக்கமான நிறம்தான். கழற்றி மடிக்கும்போதுதான் உள்ளே பட்டு லைனிங்கில் ஒரு புலியோ ஃபூஜி மலையோ எட்டிப்பார்க்கும். இதை 'உராமசாரி' என்பார்கள். வெளிப்பக்கத்தை உள்பக்கம் விஞ்சிவிட்டது என்று பொருள்.

எடோ காலத்தில் (1603–1868) வணிகர்களிடம் பணம் சேர்ந்தது. ஆனால் அவர்கள் ஆடம்பரமாக உடுத்தக் கூடாது என்று அரசு திரும்பத் திரும்பத் தடை போட்டது. சரி, வெளியில்தானே கூடாது என்று அழகை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்! குறும்பாகத் தொடங்கியது, பிறகு ரசனையாகவே ஆகிவிட்டது. பளிச்சென்று காட்டிக்கொள்ளாத அந்த நாசூக்குக்கு 'இகி' என்று பெயர்.

எனக்கு லைனிங்கைவிட 'எடோ கொமோன்' துணிதான் பிடிக்கும். நாலடி தள்ளி நின்றால் வெறும் ஒற்றை நிறம். கிட்டே போனால் கடுகைவிடச் சிறிய புள்ளிகள், சுறாத்தோல் போல வளைவு வளைவாக. சீமைப் பனிச்சை (பெர்சிமன்) பழச் சாற்றில் பதப்படுத்திய தாளில் ஒவ்வொரு புள்ளியையும் கையால் துளைத்து, அதன் வழியே அரிசிப் பசையைத் தேய்த்துப் பதிக்கிறார்கள். பசை படிந்த இடத்தில் சாயம் ஏறாது.