ஓய்வு வயதை யார் முடிவு செய்தது?

(ஓய்வூதியம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, ஓய்வூதியக் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் பத்தியாளரின் பதில்கள்.)

கேள்வி: 65 வயதோடு உடம்பு ஓய்ந்துவிடும் என்று மருத்துவர்கள் சொல்லித்தான் பல நாடுகளில் அந்த வயதை வைத்தார்களா?

மருத்துவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கஜானாவைப் பார்த்து வைத்த வயது அது. ஜெர்மனியின் ஆட்சித் தலைவராக (சான்சலர்) இருந்த பிஸ்மார்க் 1889-ல் முதுமைக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தபோது வயது 70. தொழிலாளியும் முதலாளியும் சரிபாதி கட்ட, அரசும் கொஞ்சம் போட்டது. தொழிலாளர்கள் மொத்தமாக சோஷலிஸ்டுகள் பக்கம் சாய்ந்துவிடுவார்களோ என்ற கவலையும் அதற்குப் பின்னால் இருந்தது. பிஸ்மார்க்தான் 65 என்று வைத்தார், அப்போது அவருக்கே 65 என்று ஒரு கதை உலவுகிறது. நம்பாதீர்கள். சட்டம் வந்தபோது அவருக்கு 74 வயது. ஜெர்மனி 65-க்கு இறங்கியது 1916-ல். மனிதர் இறந்து 18 வருடம் ஆகியிருந்தது. பிரிட்டனில் 1909 ஜனவரி 1 முதல் ஏழை முதியவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கொடுத்தபோதும் 70-தான். அமெரிக்கர்கள் 1935-ல் 65-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வயது வைத்தால் கணக்கு தாங்கும் என்று பட்டது, அவ்வளவுதான். இன்று பல நாடுகள் வயதை ஏற்றுவதும் அதே கணக்கைப் பார்த்துத்தான்.

கேள்வி: பிஸ்மார்க்குக்கு முன்னால் யாருமே கொடுக்கவில்லையா?

படைவீரர்களுக்குக் கொடுத்தார்கள். ரோமில் பேரரசர் அகஸ்டஸ் கி.பி. 6-ல் இதற்கென்றே தனிக் கருவூலம் வைத்தார். பரம்பரைச் சொத்தின் மேல் 5 சதவீத வரி போட்டு அதை நிரப்பினார். பணக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கையில் வாளோடு வீடு திரும்புகிறவனுக்குப் பணம் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது அகஸ்டஸுக்குத் தெரியாதா?

கேள்வி: நான் கட்டிய பணம்தானே எனக்குத் திரும்பி வருகிறது? அப்புறம் ஏன் அரசுகள் பென்ஷனைச் சுமை என்கின்றன?

பல நாடுகளில் உங்கள் பணம் உங்கள் பெயரில் உட்கார்ந்திருப்பதில்லை. இன்று வேலை செய்கிறவர் கட்டுவது இன்று ஓய்வில் இருக்கிறவருக்குப் போகிறது. ஐடா மே ஃபுல்லர் கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அரசின் ஓய்வூதியத் திட்டத்துக்கு மூன்று வருடத்தில் அவர் கட்டியது 24.75 டாலர். 1940 ஜனவரி 31 தேதியிட்ட முதல் காசோலை 22.54 டாலர். இரண்டாவது மாதமே கட்டியதைத் தாண்டிவிட்டார்! நூறு வயது வரை இருந்து 1975-ல் இறந்தார். மொத்தம் வாங்கியது 22,888.92 டாலர். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. திட்டம் தொடங்கும்போது கட்டுகிறவர்கள் ஏராளம், வாங்குகிறவர்கள் கொஞ்சம். குழந்தைகள் குறைந்து ஆயுள் நீண்டால் அது தலைகீழாகும். சுமை என்பது இதைத்தான்.

கேள்வி: என் கம்பெனியே பென்ஷன் தருகிறது. தனியாகவும் சேமிக்க வேண்டுமா?

வேண்டும். ஸ்டூடிபேக்கர் என்ற கார் கம்பெனி, அமெரிக்காவின் சவுத் பெண்ட் நகரில் இருந்த தொழிற்சாலையை 1963 டிசம்பரில் மூடியது. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கு முழுப் பென்ஷன் கிடைத்தது. பல வருடம் உழைத்திருந்தும் அறுபதை எட்டாத சுமார் 4,000 பேருக்குக் கிடைக்க வேண்டியதில் ஏறக்குறைய 15 சதவீதம்தான் வந்தது. இன்னும் இளையவர்களுக்கு ஒன்றுமே இல்லை. அதன் பிறகு 11 வருடம் கழித்து, 1974-ல்தான் அங்கே ஊழியர் ஓய்வூதியத்துக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உங்கள் கம்பெனி பென்ஷனுக்கான பணத்தைத் தன்னிடமே வைத்திருக்கிறதா, தனி நிதியில் போடுகிறதா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கேள்வி: எவ்வளவு சேர்த்தால் போதும்? சேமிப்பில் முதல் வருடம் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டு போனால் பணம் தீராது என்கிறார்களே?

அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-ல் சொன்னது அது. அமெரிக்கப் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் வைத்து, 30 வருட ஓய்வுக்காகப் போட்ட கணக்கு. உங்கள் முதலீடு வேறு, நாடு வேறு என்றால் அப்படியே காப்பியடிக்காதீர்கள். அதைவிட விலைவாசியைப் பாருங்கள். வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் உங்கள் பணத்தின் மதிப்பு பாதி. அறுபதில் தாராளமாகத் தெரியும் நிலையான பென்ஷன், எழுபத்திரண்டில் பாதி வேலைதான் செய்யும். இன்னொன்று: ஓய்வு பெற்ற முதல் சில வருடங்களில் சந்தை விழுந்தால், அடிமட்ட விலைக்கு விற்றுச் சாப்பிட வேண்டிவரும், பிறகு சந்தை எழுந்தாலும் விற்ற பங்கு திரும்பாது. இரண்டு மூன்று வருடச் செலவைச் சந்தைக்கு வெளியே வைத்திருங்கள்.

கேள்வி: வாழ்நாள் முழுக்கத் தரும் பென்ஷன் வாங்கும்போது எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது?

நான் வேலை பார்த்த மேஜைக்கு வந்த படிவங்களில், "எனக்கு மட்டும்" என்ற கட்டத்தில் டிக் அடித்தவர்கள் ரொம்பப் பேர். மாதத் தொகை கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அதுதான் காரணம். பல திட்டங்களில் அதைப் பின்னால் மாற்ற முடியாது. உங்களுக்குப் பிறகும் துணைக்குத் தொடரும் வகையில் எவ்வளவு குறைகிறது என்று எழுதி வாங்குங்கள். துணையையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படிவத்தை நிரப்புங்கள்.