உளியும் கைப்பிடியும்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். சென்ற ஞாயிறு எங்கள் சபையில், நாம் மரம், தேவன் தச்சர், பாடுகள் அவருடைய இழைப்புளி என்று பிரசங்கம் செய்தார்கள். பக்கவாதத்தால் படுத்திருக்கும் மாமியாரைப் பராமரிக்கும் எனக்கு அது ஆறுதலாக இல்லை. வரும் வாரம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இதே பொருளில் நான் பேச வேண்டும். என்ன சொல்வது?

வாசகி, குடியாத்தம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தயக்கம் நியாயமானது. அந்த உவமையை நான் தள்ளவில்லை. ஆனால் படுக்கையில் கிடப்பவரைப் பார்த்து, நலமாக இருக்கும் ஒருவர் அதைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மரத்தின் நார் ஓடும் திசையைப் பார்த்துத்தான் நல்ல தச்சர் இழைப்பார். எதிர்த்து இழைத்தால் மரம் பிய்ந்துவிடும். மேலும், மாற்கு 6:3இல் ஊரார் இயேசுவையே தச்சன் என்கிறார்கள். அப்படியானால் அவரைப் பின்பற்றுகிறவர்கள் அவருடைய பட்டறையில் வேலை பழகுகிறவர்களாகவும் இருக்க வேண்டும் அல்லவா?

இதற்கு நம் வேலூரிலேயே சாட்சி உண்டு. 1914இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர் பால் பிராண்ட், மருத்துவம் படிப்பதற்கு முன் இங்கிலாந்தில் தச்சும் கட்டட வேலையும் கற்றவர். 1946இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சையால் இயங்க வைத்தார். குணமான பின்பும் ஊர் சேர்த்துக்கொள்ளாதவர்களுக்காகத் தொடங்கப்பட்ட நவஜீவன நிலையத்தில் தச்சுவேலை கற்பிக்கப்பட்டது. தொழுநோயில் சதை தானாகவே அழுகி விரல்கள் உதிர்கின்றன என்று அக்காலத்தில் மருத்துவர்கள் பலரும் நம்பினார்கள். பட்டறையில் அந்தக் கைகளை நாள்தோறும் கவனித்தபோது வேறொன்று தெரிந்தது: உணர்ச்சியற்ற கை கருவியின் பிடியை அளவுக்கு மீறி இறுக்குகிறது, சிராய் ஏறினாலும் அறிவதில்லை, அந்தப் புண்ணோடே வேலையைத் தொடர்கிறது. ஆகவே பிடிகளை அந்தக் கைகளுக்கு ஏற்றபடி மாற்றினார்கள்; ஒவ்வொரு நாளும் கைகளைச் சோதித்துப் பார்க்கப் பழக்கினார்கள்.

புண்ணைத் தேவசித்தம் என்று சொல்லிக் கடந்துபோகாமல், புண் எங்கிருந்து வருகிறது என்று தேடிய அந்தப் பொறுமையைத்தான் நான் ஊழியம் என்பேன். படுக்கைப்புண் வந்துவிடாதபடி இரவிலும் எழுந்து மாமியாரைத் திருப்பிப் படுக்கவைக்கும் நீங்களும் அதே வேலையைத்தான் செய்கிறீர்கள்.

சங்கத்தில் மாற்கு 6:3ஐ வாசித்து, நவஜீவன நிலையத்தைப் பற்றிச் சொல்லுங்கள். பிறகு, இப்படிப் படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்கு முறைவைத்துச் சென்று, பராமரிப்பவர்களுக்கு வாரத்தில் ஒரு பகலாவது ஓய்வு கொடுக்க யார் யார் முன்வருவார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.